குள்ளர் வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கிறோம். என் மாமனார் ஊர் தாண்டிக்குடி. இரண்டாம் வகுப்பு முடித்த மகனுக்கு அங்குள்ள 'குள்ளர் வீடு'களைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாமியாரோ, "அது செத்தவங்க இடம், பச்சப் புள்ளய அங்க கொண்டு போகாதீங்க" என்கிறார். போகலாமா? பையன் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: முதலில் ஒன்று. உங்கள் அத்தை சொல்வது தப்பில்லை. பழனி மலைத்தொடரில் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்றெல்லாம் சொல்லப்படுபவை வீடுகள் அல்ல. இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய கல்லறைகள். கல்திட்டைகள் என்று பெயர். இரும்புக் காலத்தவை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யார் கட்டினது என்று தெரியாத எதையும் பாண்டவர் தலையில் கட்டுவது நம் ஊர் வழக்கம், அவ்வளவுதான்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் பையனிடம் இதை மறைக்க வேண்டாம். நான் பார்த்தவரை பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் இந்த விஷயத்தில் தடுமாறுகிறார்கள். என் அக்கா பேரனை ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். போகிற வழியெல்லாம் "ராஜா வீடு" என்று அவன் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "சமையக்கட்டு எங்க?" அவருக்குப் பதில் இல்லை. "இது செத்துப்போனவங்களுக்குக் கட்டினதுடா" என்றேன். "ஓ" என்றான். அப்புறம் பாறைமேல் மல்லாந்து படுத்துத் தன் உயரத்தைக் கல்லோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "பெரியவங்க இதுக்குள்ள எப்படிப் படுப்பாங்க?" என்றான்.

சரியான கேள்வி அது. உங்கள் மகனும் கேட்பான், பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பல இடங்களில் உடலை முழுசாகப் புதைப்பதில்லை. வேறெங்கோ வைத்திருந்து, பிறகு எலும்புகளில் சிலவற்றை மட்டும் எடுத்து வந்து, பானைகளோடும் பொருள்களோடும் கல்லறைக்குள் வைத்தார்கள். அதற்கு இந்த இடம் போதும். குள்ளர்கள் வாழ்ந்தார்கள் என்ற கதையே இந்த அளவைப் பார்த்து எழுந்ததுதான். பல கல்திட்டைகளில் இன்று எலும்பு ஒன்றும் கிடைப்பதில்லை. அமில மண்ணில் எலும்பு காலப்போக்கில் கரைந்துவிடும். பேய் பிசாசு பயம் வந்தால் இதையும் சொல்லுங்கள்.

இறந்தவர்களை எரிப்பது, குழியில் இடுவது, தாழியில் கவிப்பது என்று பல வழிகள் இருந்ததை மணிமேகலை ஒரே மூச்சில் வரிசையாகச் சொல்கிறது. தாத்தாவுக்கு இதை எடுத்துக் கொடுங்கள், அவர் பேரனுக்குச் சொல்லட்டும்.

அங்கே போனதும் என்ன செய்வது? விளக்கவுரை வேண்டாம். பையன் கையில் ஒரு டார்ச்சும் ஒரு நோட்டும் கொடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். சிலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை இருக்கும். அதற்கு இடுதுளை என்று பெயர். உள்ளே நுழைய விடாமல், வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூடுகல் எத்தனை சாண், துளை எந்தத் திசையைப் பார்க்கிறது, நான்கு கல்லும் ஒரே தடிமனா? அவனே அளந்து எழுதட்டும். சுண்ணாம்பும் இல்லாமல் சிமென்ட்டும் இல்லாமல் இது எப்படி நிற்கிறது என்று அவனாகக் கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, மேல்கல்லின் பாரத்தில் நிற்கிறது. அதனால்தான் மேலே ஏறி போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு கல் நகர்ந்தால் மொத்தமும் சாயும். புதையல் தேடிப் புரட்டிப்போட்டவையே ஏராளம், மிச்சத்தையாவது விட்டுவைப்போம்.

பானை ஓட்டுத்துண்டு கிடந்தால் பார்க்கலாம், படம் வரையலாம். பையில் போடக் கூடாது. இதில் மட்டும் தாத்தா சலுகை காட்டக் கூடாது. தாண்டிக்குடியில் தொல்லியலாளர் கா. ராஜன் குழுவினர் அகழாய்வு செய்தபோது சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணிகள் கிடைத்தன. அந்தக் கல் இந்த மலையில் விளைவதில்லை. மணி எங்கிருந்து, யார் மூலம் மலையேறியது என்று யோசிக்க முடிவது, அது கிடந்த இடம் தெரிவதால்தான். எடுத்து அலமாரியில் வைத்தால் அது வெறும் சிவப்பு மணி.

போகும் முன் சில ஏற்பாடுகள். இவை பலவும் காப்பித் தோட்டங்களுக்குள்ளும் பாறை மேடுகளிலும் இருப்பதால் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். யானை, காட்டுமாடு நடமாட்டம் எப்படி என்று முந்தின நாளே விசாரியுங்கள். கல் இடுக்கில் பாம்பு, தேள் இருக்கலாம், கையை விடக் கூடாது. பாறையில் தேன்கூடு கண்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். மே மாதம் மழை பெய்திருந்தால் அட்டைக்கு உப்பு. ஊத்து என்ற ஊரிலிருந்து பண்ணைக்காடு வழியாகப் போகும்போது வளைவுகள் அதிகம். வயிறு முட்ட இட்லி கொடுத்து வண்டியில் ஏற்றாதீர்கள்.

இன்னொரு நாள் முடிந்தால் செண்பகனூர் அருங்காட்சியகம், திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. அங்கிருந்த ஆங்லாட் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் இந்த மலையின் கல்திட்டைகளைத் தேடித்தேடி அளந்து எழுதியது 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. கல்திட்டையைப் பார்த்த பிறகு போனால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பையனுக்குப் பிடிபடும்.

வீடு திரும்பியதும் அத்தை, "குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பார். தலைக்கே ஊற்றிவிடுங்கள். பாறையில் புரண்டு வந்த பிள்ளைக்கு எப்படியும் அது தேவைப்படும்.