தம்பிக்குக் கணையக் கல்: அக்காவும் மகளும் ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. சில வருடங்களாக மேல்வயிற்றில் வலி வந்து முதுகு வரை இழுக்கிறது. ஸ்கேனில் கணையத்தில் கற்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் குடிப்பதே இல்லை, சொந்தக்காரர்கள்தான் நம்ப மறுக்கிறார்கள். ஜீன் டெஸ்டில் 'ஸ்பிங்க்1, என்34எஸ், ஹெட்டரோசைகஸ்' என்று வந்திருக்கிறது. இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் புற்றுநோய் பற்றி வருகிறது. வீட்டில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நிறையச் சாப்பிடுவோம், அதனால் வந்ததா? எனக்கும் ஆறு வயது மகளுக்கும் டெஸ்ட் எடுக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மகளுக்கு வேண்டாம். உங்களுக்கும் வலி எதுவும் இல்லையென்றால் தேவையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதி கணையத்தில் தூங்கும் நிலையில்தான் உருவாகிறது. சிறுகுடலுக்குப் போன பிறகுதான் அது விழிக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்வதுண்டு. அதை விட்டுவைத்தால் மற்ற நொதிகளையும் எழுப்பிவிட்டு, கணையத்தையே அரிக்கத் தொடங்கும். இதைத் தடுக்கக் கணையமே ஒரு சின்னப் புரதத்தையும் சேர்த்துச் சுரக்கிறது. 56 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம் டிரிப்சினின் வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்து அதை முடக்கிவிடும். 1948-இல் கசல் என்பவரும் சகாக்களும் இதைப் பிரித்தெடுத்தார்கள். இதற்கான கட்டளை 5-ஆம் குரோமோசோமில் உள்ள ஸ்பிங்க்1 மரபணுவில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு அப்படியொன்றும் தாராளமானதில்லை. கணையத்தில் உருவாகக்கூடிய டிரிப்சினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே இதனால் அடக்க முடியும். அதனால் இதில் சிறு குறை வந்தாலும் சிலருக்குத் தொல்லையாகிவிடுகிறது.

உங்கள் தம்பியிடம் இருப்பது, இந்தப் புரதம் முதலில் உருவாகும் நீளமான முன்வடிவத்தின் 34-ஆம் இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் போய் செரின் வந்திருக்கும் மாற்றம். 'ஹெட்டரோசைகஸ்' என்றால் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் அது இருக்கிறது என்று பொருள். 2000-இல் ஜெர்மனியில் ஹைகோ விட் குழுவினர், நாள்பட்ட கணைய அழற்சி (கணையம் நீண்ட காலம் புண்பட்டுக் கெடும் நோய்) உள்ள குழந்தைகளிடம் இது அதிகம் இருப்பதைக் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த மாற்றத்தோடு புரதத்தைச் சோதனைக்கூடத்தில் தயாரித்துப் பார்த்தால் அது டிரிப்சினை ஒழுங்காகவே அடக்குகிறது. இதோடு சேர்ந்தே கடத்தப்படும் வேறொரு மாற்றம் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறதோ என்ற சந்தேகம்தான் இப்போது வலுவாக இருக்கிறது.

தென்னிந்தியாவுக்கு இது புதிய விஷயம் இல்லை. குடிப்பழக்கம் இல்லாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் வந்து, பிறகு சர்க்கரை நோயும் வருவதைக் கேரள, தமிழக மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். 'வெப்பமண்டலக் கணைய அழற்சி' என்று அதற்குப் பெயர். 2002 முதல் வந்த ஆய்வுகளில், இப்படிப்பட்ட இந்திய நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவரிடம், சில ஆய்வுகளில் அதற்கும் அதிகமானவர்களிடம், இதே என்34எஸ் இருந்தது. குடித்துத்தான் வந்திருக்கும் என்று பேசும் சொந்தக்காரர்களிடம் அந்த ரிப்போர்ட்டைத் தாராளமாகக் காட்டுங்கள்.

ஆனால் நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேரிடம் இதே மாற்றம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கணையத்தில் ஒன்றும் வருவதில்லை. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து தம்பிக்கு வந்திருந்தால், உங்களிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகளிடம் இருக்கக் கால்வாசி வாய்ப்பு. இருக்கிறது என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? தடுப்பு மருந்து கிடையாது. குழந்தை வயிறு வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் பயப்படுவதுதான் மிச்சம். அவளுக்கு அடிக்கடி கடுமையான மேல்வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை ரத்தத்தில் லைபேஸ், அமைலேஸ் என்ற கணைய நொதிகளின் அளவும் ஒரு அல்ட்ராசவுண்டும். ஜீன் டெஸ்ட் அப்புறம்தான்.

புற்றுநோய் விஷயம் ஒரு பெயர்க் குழப்பம். 1980-களில் சினைப்பைப் புற்று இருந்த பெண்ணின் சிறுநீரில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து, கட்டியோடு தொடர்புபடுத்திப் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது இதே புரதம்தான். சில கட்டிகள் இதை அதிகம் சுரக்கின்றன, அவ்வளவே. உங்கள் குடும்பத்தில் பிறவியிலேயே வந்த மரபணு மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பல வருடம் நீடிக்கும் கணைய அழற்சி, கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. தம்பிக்குத் திடீரென எடை குறைந்தாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ, வலியின் தன்மை மாறினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

மரச்சீனியின் மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. அதில் சயனைடு தரும் பொருட்கள் இருக்கின்றன, கேரளத்தில் அதை நிறையச் சாப்பிடுகிறார்கள், நோயும் அங்கே அதிகம். ஆனால் அந்தக் கிழங்கையே சாப்பிடாத பகுதிகளிலும் இதே நோய் இருக்கிறது. நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் குற்றம் நிரூபணமாகவில்லை. தோலுரித்து வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீன்கறியோடு சாப்பிடுங்கள்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். டெஸ்டுக்கு வைத்திருக்கும் பணத்தை அவனுடைய சிகிச்சைக்குச் செலவிடுங்கள். அவன் பீடி, சிகரெட் பிடிக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் இன்றே நிறுத்த வேண்டும், புகை இந்த நோயை வேகப்படுத்தும். மதுவும் இனிமேலும் கூடாது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், நொதி மாத்திரை தேவைப்படலாம். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டுப் பயனில்லை. (பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதில் சங்கடம் உள்ள குடும்பங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.) எண்ணெயே ஆகாது என்று பையனைக் கஞ்சியிலேயே வைத்து இளைக்க விடாதீர்கள். வருடம் ஒருமுறையாவது எச்பிஏ1சி (சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். முதன்மைக் குழாயில் கல் அடைத்து வலி தொடர்ந்தால், வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பது, எண்டோஸ்கோப்பி வழியாக எடுப்பது, அறுவை என மூன்று வழி இருக்கிறது. அறுவையைக் கடைசி வரை தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தினமும் வலிமாத்திரையில் ஓடும் நிலை வந்துவிட்டால் அந்தத் தயக்கத்தால் நஷ்டம்தான்.

ஒன்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே ரிப்போர்ட்டில் பிஆர்எஸ்எஸ்1 என்ற மரபணுவையும் பார்த்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது டிரிப்சினுக்கான மரபணு. அதில் வரும் சில மாற்றங்கள் ஒரே பிரதியில் இருந்தாலே தலைமுறை தலைமுறையாக நோயைக் கொண்டுபோகும். அதில் ஏதாவது வந்திருந்தால், அல்லது அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வேறு யாருக்காவது இளம் வயதில் இதே நோய் இருந்திருந்தால், மறுபடி எழுதுங்கள். அப்போது உங்களுக்கு டெஸ்ட் வேண்டாம் என்ற என் பதில் மாறும்.