வாசகர் கேள்வி - பதில்: அமைதி வழியில் வந்த குண்டர் தலைவன்

கேள்வி: 'பியூர்' என்ற கனடா நாட்டுத் தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்தேன். அதில் வரும் ஈலை வாஸ், மெனோனைட் கிறித்துவ சமூகத்தைச் சேர்ந்தவன்; ஆனால் ஈவிரக்கமே இல்லாத போதைப்பொருள் கும்பல் தலைவன். ஆயுதம் ஏந்துவதையே பாவமாகக் கருதும் மக்களிடையே இப்படி ஒருவன் உருவாக முடியுமா? எல்லாம் வெறும் கற்பனைதானா, ஐயா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வாஸ் கற்பனைப் பாத்திரம்தான், சகோதரி. அவன் நிற்கும் களம் மட்டும் கற்பனை அன்று. 1525ஆம் ஆண்டு சூரிக் நகரில் தொடங்கிய மறுஞானஸ்நான இயக்கத்திலிருந்து வந்தவர்கள் மெனோனைட்டுகள். 1536இல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து அவ்வியக்கத்தில் சேர்ந்த மெனோ சைமன்ஸின் பெயரே அவர்களுக்கு வழங்குகிறது. வாள் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை, வயது வந்து தாமே விரும்பினால் ஒழிய ஞானஸ்நானம் பெறுவதில்லை என்ற உறுதிக்காகவே அவர்கள் ஐரோப்பாவில் வேட்டையாடப்பட்டார்கள். அவர்களில் ஒரு கிளையினர் ரஷ்யப் பேரரசில் குடியேறி, அங்கே கட்டாய இராணுவச் சேவை வரவிருந்ததால் 1874 முதல் கனடாவின் மனிதோபாவுக்குப் பெயர்ந்தார்கள். பின்னர் அங்கும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அரசு வற்புறுத்தவே, பழைய குடியேற்றப் பிரிவைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் 1922இல் மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்துக்குப் போகத் தொடங்கினார்கள்.

குற்றத்துக்கான வழி இந்த இடத்தில்தான் திறந்தது. குடும்பங்கள் பெருகப் பெருக மெக்சிக்கோவில் நிலம் போதவில்லை; வறட்சியும் வாட்டியது. கனடியக் குடியுரிமையைக் காத்துக்கொண்ட பலர் தெற்கு ஒண்டாரியோவின் காய்கறித் தோட்டங்களில் பருவகால வேலைக்கு ஆண்டுதோறும் வந்து போனார்கள். முக்காடிட்ட பெண்களும் பிள்ளைகளும் நிறைந்த ஒரு வண்டியை எல்லைக் காவலர் சந்தேகிப்பது அரிது. இதைக் கண்டுகொண்ட சிலர், மரச்சாமான்களிலும் வாகனங்களின் மறைவிடங்களிலும் கஞ்சாவை வைத்துக் கடத்தினார்கள். 1990களில் அத்தகையோர் சிலர் தண்டனையும் பெற்றார்கள். 2017இல் ஆறு பாகங்களாக வெளிவந்த அந்நாடகத்தின் முதல் பருவம் இந்த உண்மையிலிருந்துதான் பிறந்தது.

என்னை அச்சுறுத்துவது வாஸின் துப்பாக்கி அன்று. தன் மக்களின் நற்குணங்களையே அவன் கருவியாக்கிக்கொள்கிறான். அடித்தவனைத் திருப்பி அடிக்கமாட்டார்கள், வழக்கு மன்றத்துக்குப் போகமாட்டார்கள், உலகத்தாரின் காவல் துறையிடம் சகோதரனைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள், சபையிலிருந்து விலக்கப்படுவதை மரணத்தினும் கொடியதாக எண்ணுவார்கள் என்பதெல்லாம் உள்ளிருந்து வளர்ந்தவனுக்கே தெரியும். வெளியிலிருந்து வரும் எந்தக் குண்டனுக்கும் கிடைக்காத பிடி இது. அதனால்தான் புதிதாகப் பொறுப்பேற்ற பாதிரியார் நோவா ஃபங்க், கடத்தலை ஒழிக்கப் புறப்பட்டுக் காவல் அதிகாரியை நாடும்போது, வாஸின் பகையோடு தன் சமூகத்தின் மரபையும் சேர்த்தே எதிர்கொள்கிறார். குடும்பத்தைக் காப்பதற்காக அந்தக் கும்பலுக்குள்ளேயே நுழையவும் நேர்கிறது.

கேள்வி: மெனோனைட்டுகள் நம் வட்டாரத்தில் உண்டா?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உண்டு. டச்சு மெனோனைட் ஊழியர்கள் 1851 முதல் ஜாவாவில் பணியாற்றினர். அங்கு இன்றும் சபைகள் இருக்கின்றன. 2022இல் அவர்களுடைய உலக மாநாடு இந்தோனேசியாவில்தான் நடந்தது. தெலுங்கு பேசும் மெனோனைட்டுகளும் தெலங்கானாவில் ஏராளம். வாஸைப் பார்த்துவிட்டு, எல்லாரும் தொப்பி அணிந்து ஒதுங்கி வாழும் வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: மலேசியாவில் தமிழ் இளைஞன் என்றாலே குண்டர் கும்பல் என்று கதை எழுதுவோரைக் கண்டு மனம் நொந்தவன் நான். இந்த நாடகமும் ஒரு சிறு சமூகத்துக்கு அதே கொடுமையைத்தான் செய்கிறது என்கிறேன். தங்கள் கருத்து?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தங்கள் வேதனை எனக்கும் உண்டு, ஐயா. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, நம்மவர் பெயர் எவ்வளவு எளிதாகப் பேச்சுக்கு இரையாயிற்று என்பதை மறக்க முடியாது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதால் வேலையும் வீடும் இழந்து நகர ஓரங்களுக்கு வந்த குடும்பங்களின் வரலாற்றை அப்போது எத்தனை பேர் கேட்டார்கள்? வாஸின் கதைக்கும் அந்த அளவுகோலையே வைக்கிறேன். 1922ஆம் ஆண்டுப் பெயர்ச்சியையும் நிலமின்மையையும் அறியாமல் பார்ப்பவருக்கு அவன் பிறவிக் கொடியவனாகவே தெரிவான்.

ஆயினும் முழுக் குற்றத்தையும் நாடகத்தின்மேல் சுமத்தமாட்டேன். கதையின் நாயகர் நோவா ஃபங்கும் அவருடைய மனைவி அன்னாவும் அதே சமூகத்தினர். தீமையைச் செய்பவனும் அதை எதிர்த்துத் தவிப்பவர்களும் ஒரே சபையில் அமர்கிறார்கள். நம்மைப் பற்றிய கதைகளில் இந்த நீதி எப்போதாவதுதான் கிடைக்கிறது.

நான் ஏற்க முடியாதது வேறொன்று. குதிரை வண்டியும் கறுப்பு உடையுமாக ஒண்டாரியோவில் வாழ்பவர்கள் பழைய ஒழுங்குப் பிரிவினர். மெக்சிக்கோத் தொடர்பும் தாழ்நில ஜெர்மன் பேச்சும் உடையவர்கள் பழைய குடியேற்றப் பிரிவினர். வரலாற்றாலும் பேச்சாலும் வேறான இவ்விரு சாராரையும் நாடகம் ஒன்றாகக் குழைத்துவிட்டதால், அந்தக் கடத்தலோடு தொடர்பே இல்லாத மக்களின் கோலத்தில் வாஸின் ஆட்கள் உலாவுகிறார்கள். மெனோனைட் விமர்சகர்களே இதைச் சுட்டிக்காட்டி வருந்தினார்கள். அந்த வருத்தம் முற்றிலும் நியாயமானது.