பேர்கன் மீன் சந்தை மட்டும் பாத்தா காணுமோ?

தம்பி, அம்மா அப்பா ஜூன்ல நோர்வேக்கு, பேர்கன் ஊருக்கு வருகினம், ரெண்டுபேரும் மீனெண்டா உயிர், மீன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனா காணுமோ எண்டு கேட்டிருந்தீங்கள். போங்கோ, ஆனா அங்க இருந்து சாப்பிடாதேங்கோ. வெயில் காலத்தில வெளியில போடுற கடையெல்லாம் கப்பல்ல வந்து இறங்கிற ரூரிஸ்ற்றுக்கு எண்டே போட்டது, ஒரு பிளேற் றாலுக்கும் சால்மனுக்கும் குடுக்கிற காசில வீட்டில கனநாளைக்கு மீன் கறி வைக்கலாம். தொட்டிக்குள்ள கிடக்கிற ராட்சத நண்டும் இந்த ஊர் நண்டில்லை, 1960களில சோவியத்காரர் பேரன்ட்ஸ் கடல்ல கொண்டந்து விட்டது, அதுதான் பரவி இப்ப வடக்கில ஃபின்மார்க்கில பிடிபடுது. (80கள்ல இலங்கையில இருந்து வந்த எங்கட ஆக்கள் கனபேர் அந்த ஃபின்மார்க் மீன் பக்டரியளில மீன் வெட்டித்தான் இந்த நாட்டில கால் ஊண்டினவை, அதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கோ.)

பேர்கனை பணக்கார ஊராக்கினது பச்சை மீன் இல்லை, காய்ஞ்ச கொட் மீன். வருசத் தொடக்கத்தில வடக்கில லொஃபோட்டன் தீவுகள் பக்கம் முட்டையிட வாற கொட் மீனைப் பிடிச்சு, தலையை வெட்டி, ரெண்டு ரெண்டா வாலில கட்டி மரப் பந்தல்ல தொங்கவிடுவினம். எங்கட கருவாடு மாதிரித்தானே எண்டு அம்மா கேப்பா, ஆனா இதுக்கு உப்பு ஒரு கல்லும் இல்லை, மே மாசம் வரைக்கும் குளிர் காத்திலயே காயுறது, பேந்து வருசக்கணக்கா பழுதாகாது. எங்கயும் விக்கிறதைக் கண்டா ஒண்டை கையில வாங்கிப் பாருங்கோ, அவ்வளவு நீள மீன் பாரமே இருக்காது, தட்டினா டொக்டொக் எண்டு சத்தம். இதை வள்ளத்தில ஏத்தி பேர்கனுக்குக் கொண்டர, ஹான்சா எண்ட வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜேர்மன் வியாபாரியள் தானியம் குடுத்து வாங்கி ஐரோப்பா முழுக்க வித்தவை, வடக்கு மீனவர் அவையிட்ட எப்பவும் கடன்காரர்தான். 1360 அளவில அவை பேர்கன்ல தொடங்கின வியாபாரக் கந்தோர் 1754 வரைக்கும் இருந்தது.

அவையின்ர இடம்தான் ப்ரிக்கன், துறைமுகக் கரையில வரிசையா நிக்கிற பழைய மர வீடுகள். 1702 தீயில எரிஞ்சு பழைய அமைப்பிலயே திருப்பிக் கட்டினது, 1979ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது. எல்லாரும் முன்னால நிண்டு படம் எடுத்திட்டுப் போயிடுவினம், நீங்கள் வீடுகளுக்கு இடையில இருக்கிற ஒடுங்கின ஒழுங்கைக்குள்ள கூட்டிக்கொண்டு போங்கோ. பின்னால ஷோட்ஸ்தூவனே எண்டு மண்டபங்கள் இருக்கு, கட்டாயம் உள்ளுக்க போங்கோ. தீப்பயத்தில மர வீடுகளுக்குள்ள நெருப்பு மூட்ட விடேல்லை, அதால பனிக்காலத்தில சமைச்சுச் சாப்பிடவும் குளிர் காயவும் எல்லாரும் அங்கதான் வரவேணும், அங்க இருந்த வியாபாரியள் கலியாணமும் கட்டக்கூடாது, சின்னப் பெடியளை வேலை பழக எண்டு ஜேர்மனியில இருந்து கொண்டந்து வச்சிருந்தவை, யோசிச்சுப் பாருங்கோ!

அங்கயிருந்து கரையோரமா சான்ட்விக்கன் பக்கம் நடந்தா தண்ணியோட ஒட்டின பழைய மீன் கிட்டங்கியளுக்குள்ள நோர்வே மீன்பிடி மியூசியம். சனம் குறைவு, எனக்கு சந்தையை விட இதுதான் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு பேர்கன் மீன் சூப் குடிக்கக் குடுங்கோ, கொஞ்சம் புளிப்பும் இனிப்புமா சின்ன மீன் உருண்டையள் போட்டு வரும், உறைப்பு தேடாதேங்கோ. மலிவா வேணுமெண்டா 1929ல தொடங்கின ஸோஸ்த்ரனே ஹாகலின் எண்ட கடையில மீன் கேக் வாங்கி நடந்து நடந்து சாப்பிடலாம். வீட்டில குழம்புக்கு கொட் இனத்தைச் சேர்ந்த ஸை மீன் வாங்குங்கோ, கொட் மீனை விட மலிவு. பொரிக்க மக்ரெல், வெயில் காலத்தில நல்லா வரும்.

அப்பா தூண்டில் போட ஆசைப்பட்டா கடல்ல போட லைசன்ஸ் காசு ஒண்டும் இல்லை, ஆத்தில சால்மன் பிடிக்கிறதெண்டா காசு கட்டி அனுமதி எடுக்கவேணும். கரையோரத்தில பிடிக்கிற மீன்ர ஈரலைத் திண்ண வேண்டாம் எண்டு உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லுது, அம்மாவிட்ட முன்னமே சொல்லி வையுங்கோ.