வாளோட வந்தவரு யாரு?

கேள்வி: மக இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கா. அவ தொண்டூழியம் செய்யுற ஃபூட் பேங்க்குக்கு (இல்லாதவங்களுக்கு இலவசமா சாப்பாட்டுப் பொருள் தர்ற இடம்) 'ஹை ஷெரிஃப்'னு ஒருத்தர் கறுப்பு வெல்வெட் கோட்டு, இடுப்புல வாளோட வந்தாராம். போலீஸா? மானியம் கேக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போலீஸ் இல்லக்கா. பிரிட்டன் மன்னர் கவுன்டிக்கு (அங்க மாவட்டம் மாதிரி) ஒருத்தரா ஒரே ஒரு வருஷத்துக்கு நியமிக்கிற கௌரவப் பதவி, சம்பளம் கிடையாது, செலவும் சொந்தக் காசுதான், பட்டியல்ல பேருக்கு நேரா மன்னர் ஊசியால குத்தித்தான் உறுதி பண்ணுவாரு, இன்னிக்கும்! நம்ம பினாங்கு ஆளுநரோட சேக்காதீங்க, அவரு மாநிலத் தலைவர். இவரு அரசியல் பக்கமே போகாம, தொண்டு அமைப்புங்களப் போய்ப் பாத்து நன்றி சொல்லுவாரு, அவ்ளோதான். நம்மூரு ஒய்பிங்க (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருங்க) மாதிரி மேடையில பெரிய மாதிரிக் காசோலை தூக்கிக் காட்டுறதெல்லாம் எதிர்பாக்காதீங்க. ஆனா சில கவுன்டில ஹை ஷெரிஃப் பேர்லயே நிதி இருக்கு, மகள விசாரிச்சு விண்ணப்பம் போடச் சொல்லுங்க.