கேள்வி பதில்: மாமாவோட பழைய கிளாரினெட்டும் புது மவுத்பீஸும்

கேள்வி: சார் வணக்கம். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, சர்ச் பேண்டுல கிளாரினெட் கத்துக்கிறா. கருவி எங்க மாமா வச்சிருந்தது, நல்லாதான் இருக்கு, ஆனா மவுத்பீஸ் நுனில லேசா செதில் போயிருக்கு, ஊதுனா அடிக்கடி கீச்சுனு கத்துது. பேண்டுல இருக்கிற பெரியவங்க வான்டோரன் பி45 மவுத்பீஸ் வாங்கிக் குடுங்கன்னு சொல்றாங்க, விலையக் கேட்டா நமக்குக் கட்டுப்படியாகாது. கம்மி விலைல நல்லதா எது வாங்கலாம்?
- ஒரு அம்மா, கோத்தகிரி

பதில்: பி45 வேணாம்மா. காசு இருந்தாலும் இப்போ வேணாம்னுதான் சொல்லுவேன்.

மவுத்பீஸ் நுனிக்கும், அது மேல கட்டுற மெல்லிசான நாணல் தகடு, அதான் ரீட், அதோட நுனிக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு பாருங்க, எல்லாமே அதுலதான் இருக்கு. பி45ல அது 1.195 மில்லிமீட்டர், யமஹா 4சி மவுத்பீஸ்ல 1.05. பாத்தா நூலளவு வித்தியாசம்கூட இல்லைனு தோணும், ஆனா ஊதுற பிள்ளைக்கு மலையளவு, ஏன்னா வாய் அகலமான மவுத்பீஸ்ல ரீட அடக்க உதட்டுல நல்ல பலம் வேணும், அது வர வருஷக்கணக்காகும், பலம் இல்லாத பிள்ளை என்ன பண்ணும், பல்லால கடிக்கும், கடிச்சா சத்தம் நசுங்கும், சுருதி ஏறும், கீழுதட்டு உள்பக்கம் புண்ணாகும். பேண்டு பெரியவங்க சொல்றது தப்பில்ல, அவங்க உதட்டுக்கு அது சரி.

அதனால யமஹா 4சி வாங்குங்க. பி45 விலையோட பாத்தா ரொம்பக் கம்மி. பிளாஸ்டிக்தானேன்னு சிலபேர் மட்டமா பேசுவாங்க, எபனைட்னா ரப்பரையும் கந்தகத்தையும் சேத்து இறுக்கினது, அதுதான் ஒசத்தின்னுவாங்க. கத்துக்கிற பிள்ளைக்கு எதுல செஞ்சதுங்கிறதவிட உள்ள எப்படிக் கடைஞ்சிருக்குங்கிறதுதான் முக்கியம், 4சில அந்த வேலை சுத்தமா இருக்கும். ஃபோப்ஸ் டெபுட், ஹைட் பிரீமியர்னு இன்னும் ரெண்டு இருக்கு, ரெண்டுமே நல்லது, ஆனா நம்ம பக்கம் கடைல பாக்குறது அபூர்வம்.

ரீடோட கெட்டித்தன நம்பர் 2 அல்லது 2½ போதும். பழைய ரீட கையோட மாத்திடுங்க, கீச்சு சத்தத்துல பாதி அதனாலகூட இருக்கலாம்.

கோயம்புத்தூர் இறங்குறப்ப பொண்ணையும் கருவியையும் கூடவே கூட்டிட்டுப் போங்க. கடைல வாங்குறதுக்கு முன்னாடி நுனிய ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு, கட்டைவிரல் நகத்த மெதுவா ஓட்டிப் பாருங்க, எங்கயாவது நகம் தட்டுச்சுன்னா வேற குடுங்கன்னு கேளுங்க. உங்க வீட்டு மவுத்பீஸ்லயும் இதே மாதிரி ஓட்டிப் பாருங்க, தட்டுற இடம் தெரியும், அந்தச் செதில் வழியா காத்து கசிஞ்சா ரீட் ஒழுங்கா அடிக்காது, கத்தும். அப்புறம் ரீட நல்லா நனைச்சு மாட்டி, அடி ஓட்டைய உள்ளங்கையால அடைச்சு, உள்ள இருக்கிற காத்த உறிஞ்சிட்டு சட்டுனு வாயிலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. ரீட் ஒரு செகண்டாவது ஒட்டி நின்னு 'டப்'புனு விட்டுச்சுன்னா ரெண்டும் ஒழுங்கா பொருந்துதுன்னு அர்த்தம். உடனே விட்டா எங்கயோ கசியுது, ரீட கொஞ்சம் நகத்தி மறுபடி பாக்கணும்.

கடைசியா மவுத்பீஸையும், அது சொருகுற குட்டைக் குழாய், அதான் பேரல், அதையும் மட்டும் சேத்து ஊதச் சொல்லி ஃபோன்ல ட்யூனர் வச்சுப் பாருங்க, எஃப் ஷார்ப் பக்கத்துல நின்னா நல்லது. இத கடையிலயே பண்ணிடுங்க, நம்ம ஊர்ல மார்கழி காலைல பண்ணாதீங்க, குளிர்ல எந்த கிளாரினெட்டும் சுருதி இறங்கித்தான் நிக்கும். வீட்டுல ஊதுறப்பவும் மொதல்ல வாய்க்காத்தால அஞ்சு நிமிஷம் சூடு பண்ணிட்டுதான் வாசிக்கணும். குளிருதேன்னு அடுப்புப் பக்கத்துல மட்டும் வச்சிடாதீங்க, மாமாவோடது மரக் கருவியா இருந்தா வெடிப்பு விட்ரும்.

புது மவுத்பீஸோட கார்க் பேரல்ல இறுக்கமா போனா பலம் போட்டுத் திருகக் கூடாது, கார்க் கிரீஸ் தடவுங்க, அப்பவும் போகலைன்னா நைசான உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு போதும். கழுவ வெதுவெதுப்பான தண்ணிக்கு மேல வேணாம். என்கிட்ட இருந்த ஒரு எபனைட் மவுத்பீஸ குளிர்ல கை விறைச்சுப்போய் குளிக்கிற வெந்நீர்லயே கழுவிட்டேன், கருகருன்னு இருந்தது அழுக்குப் பச்சையா மாறி கந்தக வாடை அடிச்சுது, அந்த நெறம் திரும்பவே இல்ல. மேகம் இறங்குற மாசத்துல ரீட மவுத்பீஸோடவே விட்டு வைக்காதீங்க, நாலு நாள்ல பூஞ்சை புடிச்சிரும், தொடைச்சு தட்டையா தனியா வைங்க.

கேள்வி: ஏ.கே.சி. நடராஜன் ஐயா வாசிச்ச மாதிரி கிளாரினெட்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கணும்னு ஆசை. எட்டு வருஷமா ஊதுறேன், கைல 4சிதான் இருக்கு. மாத்தணுமா?
- வாசகர், குன்னூர்

பதில்: திருச்சில இருந்துக்கிட்டு அந்த வெளிநாட்டுக் கருவிய கமகம் பேச வச்சவர் அவர், 2022ல பத்மஸ்ரீ கூட குடுத்தாங்க, அந்த ஆசைக்கே உங்களக் கும்பிடலாம். ஸ்வரத்த உதட்டால வளைச்சு இழுக்கணும்னா வாய் கொஞ்சம் அகலமான மவுத்பீஸும் மெல்லிசான ரீடும்தான் இடம் குடுக்கும். எட்டு வருஷ உதடு தாங்கும், அதனால மேல அந்தம்மாகிட்ட வேணாம்னு சொன்ன பி45ஐ நீங்க தாராளமா போட்டுப் பாக்கலாம், ஆனா மொதல் ஒரு மாசம் 2ம் நம்பர் ரீடோட, ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல வேணாம்.