வாசகர் கேள்வி: செங்கோட்டையா, கோர்ட்டா?

கே: ஸ்காட்லாந்தில் படிக்கும் மகன், ஆற்றங்கரை மேட்டில் செக்கச்செவேலென்று நிற்கும் இன்வர்னெஸ் கோட்டைப் படத்தை அனுப்பினான். அங்கே ராஜா ராணி யாரும் வாழ்ந்தார்களா? (வாசகி, திண்டுக்கல்)

ப: உங்களை ஏமாற்றவே கட்டியதுபோல இருக்கும் அம்மா அந்தக் கட்டடம்! படத்தில் தெரிவது கோர்ட்டும் ஜெயிலுமாகக் கட்டியதுதான். 1836இல் வில்லியம் பர்ன் வடிவமைப்பில் கோர்ட். ஜெயில் 1848இல் வந்தது. கொத்தளமும் கோபுரமும் வெறும் மிடுக்கு.

ஆனால் மேடு பழசு. நிஜக் கோட்டை அங்கேதான் இருந்தது. 1562இல் ஸ்காட்லாந்து ராணி மேரி வந்தபோது கோட்டைக் காவலர் கதவைத் திறக்கவில்லை. ராணிக்கே கதவடைப்பு! அப்புறம் கோட்டை பணிந்தது, காவலரைத் தூக்கில் போட்டார்கள்.

1746இல் அதைக் கைப்பற்றிய ஜாகோபைட்டுகள் (பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்றக் கலகம் செய்தவர்கள்), அரசுப் படைக்கு மறுபடி உதவக்கூடாதென்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். திரி கொளுத்திய பிரெஞ்சு சார்ஜென்ட்டும் வெடியில் போய்விட்டார். அவருடைய நாய் மட்டும் நெஸ் ஆற்றின் அக்கரையில் போய் விழுந்து, வால் போனாலும் உயிர் பிழைத்ததாம். வாலைப் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஊர் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தொண்ணூறு வருஷம் கழித்துத்தான் அந்த மேட்டில் கோர்ட் எழுந்தது. 2020இல் கோர்ட்டும் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. சுற்றுலா பார்வையாளர்களுக்காக இடத்தை மாற்றி அமைத்தார்கள். மகனிடம் முன்னால் நிற்கும் ஃப்ளோரா மெக்டொனால்ட் சிலையையும் படமெடுக்கச் சொல்லுங்கள். தோற்றோடிய ஜாகோபைட் இளவரசரைப் பணிப்பெண் வேஷத்தில் படகேற்றித் தப்பவைத்தவர். அவர் காலடியிலும் ஒரு நாய் உண்டு, வாலோடு.