வாசகர் கேள்வி – பதில்: வீட்டு அடுப்பிலிருந்து கடை அலமாரி வரை

கேள்வி: எட்டு மாதங்களாக வீட்டிலேயே சத்துமாவும் பருப்புப் பொடியும் செய்து அக்கம்பக்கத்தில் விற்று வருகிறேன். மாதம் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய்க்கு விற்பனை ஆகிறது. லேபிளும் பில்லும் இருந்தால் வாங்கிக்கொள்வதாக எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் தங்கையும் அங்குள்ள ஒரு கடைக்கு அனுப்பச் சொல்கிறாள். ‘கம்பெனி பதிவு’ செய்து தர ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பவானி

பதில்: அந்தப் பணத்தை மாவு அரைக்கும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனி உரிமையாளராக, அதாவது வழக்கில் நாம் புரொப்ரைட்டர் என்று சொல்லும் முறையில், தொழில் நடத்துவதற்குக் கம்பெனிக்கு உள்ளதைப் போன்ற தனிப் பதிவுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. உங்கள் பான் எண்தான் தொழிலின் பான் எண். இப்படிப் பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் செய்து கொடுப்பது, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவு ஒன்றைத்தான். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பதிவை ஆதாரையும் பானையும் வைத்துக்கொண்டு நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம், கட்டணம் ஏதுமில்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் காசு கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன என்பதால், முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதைச் செய்வதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். அரைவை இயந்திரம், வறுக்கும் இயந்திரம் என்று பெரிதாக வாங்க மானியக் கடன் கேட்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஈரோட்டிலுள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்று பேசிவிடுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்கு நகரப் பகுதியில் 25 சதவீதமும் கிராமப் பகுதியில் 35 சதவீதமும் மானியம் உண்டு என்றாலும், அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கே உரியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கு அது கிடைக்காது. அவசரப்பட்டு எல்லாப் பதிவுகளையும் முடித்துவிட்டு, பிறகு விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் பலர். சில்லறைச் சாமான்களுக்கான சிறு தொகை போதும் என்றால், பிணையில்லாமல் 50,000 ரூபாய் வரை தரும் முத்ரா ‘சிஷு’ கடனை உங்கள் வங்கிக் கிளையிலேயே கேட்கலாம்.

உணவுப் பொருள் என்பதால் உங்களுக்கு இன்றியமையாதது உணவுப் பாதுகாப்புப் பதிவு. உண்மையில் முதல் பொட்டலத்தை விற்பதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு தயாரிப்பாளருக்கு உரிமம் வேண்டியதில்லை, பதிவு போதும். ஆண்டுக்கு 100 ரூபாய் என்ற கணக்கில் கட்டணம் வைத்தார்கள். உங்கள் விற்பனை ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்தான் வருகிறது. பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும்.

லேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கடைக்காரர் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். பொருளின் பெயர், சேர்மானங்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில், ஊட்டச்சத்து விவரம், சைவக் குறியான பச்சைப் புள்ளி, நிகர எடை, தொகுதி எண், தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம் என்ற நாள், அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் பெயர், முழு முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். சத்துமாவில் நிலக்கடலையோ கோதுமையோ சேர்த்தால், ஒவ்வாமை தரக்கூடியவை என்று தனியே குறிப்பிட வேண்டும். ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று ஆர்வத்தில் ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள்; அத்தகைய விளம்பரத்தை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. இன்னொன்று, பொடி வறுக்க வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டரின் விலையைப் போட்டுப் பார்த்த பிறகே பொட்டலத்தின் விலையை முடிவு செய்யுங்கள். பலருடைய லாபக் கணக்கு தவறுவது இந்த இடத்தில்தான்.

மளிகைக் கடைக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது சாதாரண பில்தான். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பெங்களூர்க் கடைக்கு அனுப்புவதுதான் சிக்கல். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால், அது இருபது பொட்டலமாக இருந்தாலும், அந்த வரம்பு பொருந்தாது. பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்தால் மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் தொடர்ந்து வரும். எனவே ஓராண்டாவது உள்ளூர்க் கடைகளோடு நிற்பது நல்லது என்பது என் எண்ணம்.

வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கத் தொழிலின் பெயரில் பொதுவாக இரண்டு சான்றுகள் கேட்பார்கள். உத்யம் சான்றிதழிலும் உணவுப் பதிவிலும் தொழிலின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஓரெழுத்து கூடிப்போனதால் என் உறவினர் ஒருவரின் விண்ணப்பம் இருமுறை திரும்பி வந்தது. கணக்கு தொடங்கிய பிறகு கடை வரவை அதில் மட்டுமே வாங்குங்கள். தனி உரிமையாளர் முறையில் தொழிலுக்கும் உங்களுக்கும் இடையே சட்டம் எந்தச் சுவரும் எழுப்புவதில்லை. தொழிலில் ஏற்படும் கடனுக்கு உங்கள் நகையும் வீடும்கூடப் பொறுப்பு. ஆகவே சரக்கைக் கடனுக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். மறுபுறம், கடைக்காரர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்கு உத்யம் பதிவு கைகொடுக்கும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் அவர் பணம் தர வேண்டும் என்கிறது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். தெரிந்த கடைக்காரர் மீது யாரும் எடுத்த எடுப்பில் புகார் கொடுக்கப் போவதில்லைதான். ஆனாலும் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டு வையுங்கள்.

கேள்வி: அப்பாவின் பெயரில் நடந்த ஹார்டுவேர் கடையை, அவர் காலமான பிறகு நான் அதே பெயரில் நடத்துகிறேன். அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணிலேயே பில் போடலாமா? அவர் வாங்கிய கடனுக்கு நான் பொறுப்பா?
– வாசகர், விருதுநகர்

பதில்: போடக் கூடாது. உரிமையாளர் மறைந்தால் தனி உரிமையாளர் தொழிலும் சட்டப்படி அவரோடு முடிந்துவிடுகிறது. கடைப் பெயர் அதேதான் என்றாலும், உங்கள் பான் எண்ணில் புதிய ஜி.எஸ்.டி. பதிவும் புதிய உத்யம் பதிவும் வாங்க வேண்டும். அப்பாவின் கணக்கில் மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இன்னும் கழித்துக்கொள்ளாத தொகையை, அதற்குரிய படிவத்தின் மூலம் உங்கள் பதிவுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு என்பதால், பழைய பதிவை ரத்து செய்யும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். கடனைப் பொறுத்தவரை, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் உங்கள் பொறுப்பு. நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. உங்கள் புதிய நடப்புக் கணக்குக்கு இப்போதே நாமினி நியமித்துவிடுங்கள்; தனி உரிமையாளர் கணக்குகளுக்கும் அந்த வசதி உண்டு.

கேள்வி: உத்யத்தில் பதிந்துவிட்டால் என் பொடியின் பெயரை வேறு யாரும் வைக்க முடியாது அல்லவா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வைக்கலாம். பெயருக்குப் பாதுகாப்பு வணிகச் சின்னப் பதிவில்தான் இருக்கிறது. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய். மசாலாப் பொடிகள் 30ஆம் வகுப்பில் வரும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன், அதே பெயரோ அதைப் போல ஒலிக்கும் பெயரோ உள்ளதா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். ‘அம்மா’, ‘பாட்டி’, ‘கிராமத்து’ என்று தொடங்கும் பெயர் என்றால் இருமுறை தேடுங்கள்.